இருபதாவது முதுகு

படக்காரருக்கு மனித முகத்தில் நம்பிக்கை போய் ஆறு வருஷமாகிறது. அதற்கு முந்திய இருபது வருஷம் அவர் முகங்களை எடுத்ததே இல்லை என்பது வேறு விஷயம். நகரத்தின் கலைக்கூடத்துக்கும் அதை ஒட்டிய சிற்பப் பூங்காவுக்கும் அவர்தான் படமெடுப்பவர். ஓவியம் என்றால் நேராக, கண்ணாடியில் விளக்கு மின்னாமல். சிற்பம் என்றால் நாலு பக்கமும், நிழல் ஒரே பக்கம் விழும்படி. எதிலும் ஆள் நடமாட்டம் கூடாது. கூடம் திறப்பதற்கு முன்பே வந்து முடித்துவிட்டுப் போக வேண்டிய வேலை.

ஒருநாள் வேலை இழுத்துக்கொண்டே போக, கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி நேராக வந்து, எடுத்துக்கொண்டிருந்த ஓவியத்தை மறைத்துக்கொண்டு நின்றார். நகரச் சொல்ல வாயெடுத்த படக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்மணியின் கைப்பை தோளிலிருந்து மெல்ல நழுவி முழங்கைக்கு வந்தது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தது, பிறகு தொப்பென்று தரையில் விழுந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. படக்காரர் பொத்தானை அழுத்தினார். அதுதான் முதல் முதுகு.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை பிறந்தது. கலைக்கூடத்துக்குள் வரும் முகம் நடிக்கும். புருவத்தைச் சுருக்கும், மோவாயில் விரல் வைக்கும், புரிந்ததுபோல் தலையாட்டும். முதுகுக்கு யாரும் நடிப்புச் சொல்லித்தரவில்லை. நாலு நிமிஷத்துக்கு மேல் நடிக்கிற முதுகு உலகத்திலேயே கிடையாது என்று அவர் சொல்லுவார். கடிகாரம் வைத்துப் பார்த்தே சொல்லுவார்.

ஆறு வருஷத்தில் எல்லா வகை முதுகையும் பார்த்துவிட்டார். சுவரில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டை மட்டும் படித்துவிட்டு நகரும், முப்பது டிகிரி வளைந்த முதுகு. மனைவி அடுத்த அறைக்குப் போய்விட்டாளா என்று காதால் கவனிக்கும் கணவன் முதுகு. கழிவறை எந்தப் பக்கம் என்று ஓவியத்திடம் கேட்பதுபோல் நிற்கும் முதுகு. தன்னை யாரோ படமெடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அட்டை வைத்துத் தைத்ததுபோல் விறைத்துக்கொள்ளும் முதுகு. இதில் ஒன்றும் அவருக்குத் தேறாது. உண்மையாகப் பார்க்கும் முதுகு வருஷத்துக்கு மூன்று, நாலு கிடைத்தால் அதிகம்.

வாசலில், 'உள்ளே படமெடுக்கப்படும்' என்று ஒரு பலகை இருந்தது. அதற்கு மேல் அவர் தனக்குத்தானே இரண்டு விதிகள் வைத்திருந்தார். ஒன்று, யாரையும் நிற்கச் சொல்லக் கூடாது. இரண்டு, படமெடுத்த பிறகு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முதுகின் மரியாதை போய்விடும். அதனால் படம் எடுத்த கையோடு கேமராவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, ஆள் திரும்புவதற்குள் அறையை விட்டு வெளியேறிவிடுவார்.

"எதையோ திருடிட்டு ஓடுற மாதிரியே ஓடுறாரு" என்று நாலாம் அறையின் காவல்காரம்மா சொல்லுவார். "முதல் தடவை நான் பின்னாலயே துரத்திட்டேன்."

கூடத்தின் நிர்வாகி, படங்களை மேஜைமேல் பரப்பச் சொல்லிப் பார்த்தது போன வசந்தத்தில். பத்தொன்பது படங்கள். அரை மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பக்கவாட்டு அறையை ஆறு வாரத்துக்கு அவருக்குத் தருவதாகச் சொன்னார். படக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. மற்றவர்களின் வேலையைப் படமெடுத்தே காலத்தை ஓட்டியவருக்கு முதல் கண்காட்சி.

"ஆனா இருபது படம் வேணும்" என்றார் நிர்வாகி.

"பத்தொன்பதுதான் மேடம் தேறியிருக்கு."

"அந்த அறையில இருபது விளக்கு இருக்கு. கூரையில பொருத்தினது, நகர்த்த முடியாது. பத்தொன்பது படம் மாட்டினா ஒரு விளக்கு வெறும் சுவத்தைக் காட்டிட்டு இருக்கும். அதுல ஏதோ அர்த்தம் இருக்குன்னு நினைச்சு அதுக்கு முன்னாலதான் கூட்டம் நிக்கும். உங்க படத்தை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

அவர் வைத்த கெடு இந்த வார வெள்ளிக்கிழமை. அதற்குள் இருபதாவது வராவிட்டால், முந்நூறு களிமண் கிண்ணங்களோடு காத்திருக்கும் இன்னொருவருக்கு அறை போய்விடும். அடுத்த முறை மூன்று வருஷம் கழித்து. போகிற போக்கில் நிர்வாகி இன்னொன்றும் சொன்னார். கண்காட்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் போடப் போகிறார்: 'இப்படங்களில் எதுவும் ஏற்பாடு செய்யப்பட்டதல்ல.'

"இதைப் போடலாம்தானே?"

"தாராளமாப் போடுங்க" என்றார் படக்காரர். சொல்லும்போது அவர் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தார்.

வீட்டின் முன்னறை அவர் மனைவியின் தையல் கடை. புதுத் துணி தைப்பதில்லை. பிரித்துத் தைப்பதுதான் தொழில். இளைத்தவர்களுக்குப் பிடித்தும், பெருத்தவர்களுக்கு விட்டும் தருவார். ஊரில் யார் எடை கூடியிருக்கிறார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

அந்த வாரமும் படக்காரர் வெறுங்கையோடுதான் வந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை சிற்பப் பூங்காவில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கான வெண்கல முட்டைக்கு எதிரே ஒரு மரத்துக்குப் பின்னால் காலையிலிருந்து நின்றார். வந்தவர்கள் நூற்று நாற்பது பேர். அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர் முட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியை நீட்டித் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேரில் பாதி, முட்டைக்குள் காலியா என்று தட்டிப் பார்த்தார்கள். ஒரு முதுகு மட்டும் அசையாமல் நின்றது. படக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை உயர்த்தினார். மூன்றாவது நிமிஷம் அந்த மனிதர் முட்டையின் பளபளப்பில் தலையை வாரிக்கொண்டு போய்விட்டார்.

"இன்னிக்காவது முதுகு மாட்டுச்சா?" என்றார் மனைவி, வாயில் குண்டூசியோடு.

"இல்ல."

"நாள் பூரா நின்னு ஒரு முதுகு கிடைக்கல. எனக்குத் தினம் இருபது முதுகு வருது. அளவெடுத்தே அலுத்துப்போச்சு."

"இது வேற முதுகு."

"என்ன வேற? ரெண்டு தோள், நடுவுல ஒரு தையல்."

சோபாவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வேலை இல்லாத நேரமெல்லாம் அக்கா வீட்டுச் சோபாதான் அவனுக்கு அலுவலகம். எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால் போன் வரும், எழுந்து போவான். எட்டு வருஷமாக அந்தச் சோபாவில் மல்லாந்தே கிடப்பதால் அவன் உருவத்தில் சோபாவிலேயே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"அத்தான், நான் வேணா வந்து நிக்கட்டுமா? என் முதுகு நல்ல அகலம்."

"மாப்ளே, உன் முதுகு சோபாவை விட்டு எந்திரிச்சு யாரு பாத்திருக்கா?"

"ஏன், நின்னா ஆகாதா? ஒரு ஆளு நிக்கறான். அவ்வளவுதானே?"

படக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தார். "நிக்கச் சொன்னா அது பொய். ஒரு பொய் உள்ள வந்தா மத்த பத்தொன்பதும் பொய்யாயிடும். கையேட்டுல எழுதியிருக்காங்க, எதுவும் ஏற்பாடு இல்லன்னு. என் பேருக்குக் கீழ எழுதியிருக்காங்க. கிண்ணக்காரருக்கு அறையைக் கொடுத்தாலும் கொடுப்பேன், இது மட்டும் செய்ய மாட்டேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அது முகம் சம்பந்தப்பட்ட விஷயம்.

"வியாழக்கிழமை எங்க நிக்கப் போறீங்க?" என்று மட்டும் மனைவி கேட்டார்.

"நாலாம் அறை. சாம்பல் ஓவியம்."

சாம்பல் ஓவியம் மூன்று மீட்டர் உயரம். முழுக்கச் சாம்பல் நிறம். சராசரி ஆளின் நெற்றிக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. அவ்வளவுதான். அதற்கு முன் நிற்பவர்கள் கொஞ்ச நேரத்திலேயே காவல்காரம்மாவிடம் போய், 'இது முடிஞ்சிருச்சா, இன்னும் வரைய வேண்டியது இருக்கா?' என்று கேட்பது வழக்கம். காவல்காரம்மாவும் சலிக்காமல், 'முடிஞ்சிருச்சுங்க, பணம் குடுத்து வாங்கியாச்சு' என்று பதில் சொல்லுவார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் படக்காரர் அறையின் கோடியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது எதிர்ப்பக்க வாசல் வழியாக ஓர் ஆள் வந்து ஓவியத்துக்கு முன் நின்றான். அகலமான முதுகு. சாம்பலும் நீலமும் கலந்த அரைக்கைச் சட்டை, மெல்லிய வெள்ளைக் கோடுகள். புதிதாக வெட்டிய தலைமுடி. படக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முதல் இரண்டு நிமிஷம் சொல்லிவைத்தாற்போல் விறைப்பு. போய்விடுவான் என்று நினைத்தார்.

போகவில்லை.

மூன்றாவது நிமிஷத்தில் தோள்கள் இறங்கின. ஐந்தாவதில் உடம்பின் கனம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. எட்டாவது நிமிஷத்தில் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து அந்தக் கோட்டிலேயே நிலைத்தது. பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்று அறைக்குள் வந்து கத்திவிட்டுப் போனது; முதுகு அசையவில்லை. படக்காரர் கேமராவை மெல்ல உயர்த்தினார். பதினைந்தாவது நிமிஷம், சரியாகப் பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு, அந்த ஆளின் வலது கை தானாக எழுந்து, இடுப்புக்கு மேல் வந்து, ஒரு விரல் மட்டும் முன்னால் நீண்டு காற்றில் நின்றது.

படக்காரர் ஒரே ஒரு படம் எடுத்தார். கேமராவை அணைத்துக்கொண்டு, ஆள் திரும்புவதற்குள் ஓடினார். காவல்காரம்மாவைத் தாண்டும்போது படக்காரரின் கண் கலங்கியிருந்தது.

"என்ன சார், ஆச்சா?"

"ஆச்சு" என்றார். "ஆறு வருஷத்துல இப்படி ஒண்ணு பாக்கல."

வெள்ளிக்கிழமை படத்தைத் திரையில் பார்த்த நிர்வாகி, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இந்தக் கையைப் பாருங்க. தொடணும்னு தவிச்சு, தொடக்கூடாதுன்னு தெரிஞ்சு, நடுவுலயே நின்னுபோச்சு. இதுதான் நம்ம கூடமே. இதைச் சின்னதா மாட்ட முடியாது. கடைசிச் சுவத்துல தனியா, ரெண்டு மீட்டர் உயரத்துக்கு." பிறகு கேட்டார்: "யாரா இருக்கும்?"

"தெரியாது மேடம். நான் முகம் பாக்கறதில்ல."

வீட்டிலும் அன்று அவர் தலைகால் புரியாமல்தான் இருந்தார். அந்த ஆளைப் பற்றியே பேசினார். தனிமை தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் என்றார். பெரிய இழப்பு ஏதோ இருந்திருக்கும் என்றார். மைத்துனன் சோபாவில் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். மனைவி தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். அதில் துணி இல்லை என்பதைப் படக்காரர் பார்க்கவில்லை.

திறப்பு விழா அடுத்த வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் பெரிய பிரிண்டைச் சரிபார்க்கப் பிரிண்ட் கடைக்குப் போனார். இயந்திரத்திலிருந்து காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மஞ்சள் கோடு, பிறகு தலை, பிறகு தோள்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சார், இவரும் உங்க தொழில்தானோ?"

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"வலது தோளைப் பாருங்க. துணி வெளுத்து நூல் நூலாத் தெரியுது. கேமரா முக்காலியைத் தோள்ல போட்டுப் போட்டுத் தேய்ஞ்சது. என் கடைக்கு வர்ற படக்காரங்க எல்லார் சட்டையும் இப்படித்தான் இருக்கும்." பிறகு படக்காரரின் தோளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க போட்டிருக்கறதும் அப்படித்தானே சார் இருக்கு."

படக்காரர் குனிந்தார். இன்னும் குனிந்தார். சட்டையின் வெள்ளைக் கோடுகள் எல்லாம் நெடுக்காக ஓடின. முதுகின் நடுவில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையில், குறுக்காக ஓடின. முழுக்கைச் சட்டையின் கைகளை வெட்டி, அந்தத் துணியை முதுகில் கொடுத்து யாரோ அகலமாக்கியிருந்தார்கள். கேமராவின் சின்னத் திரையில் இது தெரிய நியாயமில்லை. இரண்டு மீட்டரில் குருடனுக்கும் தெரியும். அந்தப் பட்டையின் இரண்டு ஓரமும் ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தன. அப்படித் தைக்கக்கூடிய ஒரே ஓர் ஆளை அவருக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் சலவைக்குப் போட்டுத் தொலைந்துபோனதாக அந்த ஆள் சொன்ன தன் சட்டையையும் தெரியும்.

முகத்தில் ஈயாடாமல் நின்றவரைப் பார்த்து, "கலர் சரியில்லையா சார்?" என்றார் கடைக்காரர்.

"கலரெல்லாம் சரிதான்" என்றார் படக்காரர். "எனக்குத்தான் கண்ணு சரியில்ல."

சோதனைக்கு எடுத்த துண்டுப் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், தையல் மேஜைமேல் விரித்தார். தோளும் பாதி முதுகும் மேஜையை நிறைத்தன. மனைவி முதலில் வாய் பிளந்து, "அடேயப்பா, எவ்வளவு பெருசு!" என்றார். பிறகுதான் அது எது என்று புரிந்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சோபாவில் இருந்தவன் மெல்ல எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தான்.

"மாப்ளே, அங்கேயே நில்லு. திரும்பு. முதுகைக் காட்டு."

அவன் காட்டினான். எட்டு வருஷத்தில் முதல் முறையாகப் படக்காரர் அந்த முதுகை நிமிர்ந்த நிலையில் பார்த்தார். அதேதான்.

"என் சட்டை" என்றார்.

"கந்தல்" என்றார் மனைவி. "அதைப் போட்டுக்கிட்டுத்தான் எல்லா விழாவுக்கும் போறீங்க. கண்ணுல படாம எடுத்து வச்சேன். இவனுக்குப் போன வாரம் விட்டுத் தைச்சேன்."

"சட்டை கிடக்கட்டும். யாரு இவனைப் போகச் சொன்னது?"

"நான்தான். வேற யாரு? பத்தொன்பதுலயே நின்னு போச்சுன்னா மூணு வருஷம் நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருப்பீங்க. அதைப் பாக்கப்போறது நிர்வாகி அம்மாவா, நானா?"

படக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளன்னைக்குத் திறப்பு. கையேடு அச்சாயிடுச்சு. நான் இந்த முதுகைப் பாத்து அழுதேன். காவல்காரம்மா பாத்தாங்க." குரல் இறங்கியது. "நாலு நிமிஷத்துக்கு மேல நடிக்கிற முதுகே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். என் வீட்டு முதுகே பதினஞ்சு நிமிஷம் நடிச்சிருக்கு. நாளைக்குப் போய்ப் படத்தை எடுத்துடறேன். மத்ததையும் எடுத்துடறேன். எது உண்மை எது பொய்யின்னு எனக்கே தெரியலன்னா எதை மாட்டறது?"

 மனைவிக்கு அவர் இப்படி உட்கார்ந்து பார்த்துப் பழக்கமில்லை. கோபம் என்றால் பதில் சொல்லியிருப்பார்.

"பதினஞ்சா?" என்றார் திடீரென்று. "நான் ரெண்டு நிமிஷம்தானே சொன்னேன்? ஏன்டா, ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்துடுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாக்கா."

"அப்புறம் ஏன்டா வரல? மதியத்துக்குக் கடை மூடறதுக்குள்ள ஜிப் வாங்கிட்டு வாடான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்!"

"போனை இங்க கொண்டா" என்றார் படக்காரர்.

கூடத்துக்குள் சத்தம் வராமல் வைத்திருந்த மைத்துனனின் கைபேசியில் எல்லாம் இருந்தது. 11:28, 'நின்னுட்டேன்.' பிறகு அக்காவிடமிருந்து வரிசையாக: 11:30, 'போதும்டா, வா.' 11:34, 'வாடான்னா.' 11:38, 'ஜிப் கடை மூடிடுவான். கறுப்பு, ஏழு இன்ச்.' 11:41, 'எங்கடா தொலைஞ்சே?' அதற்குப் பிறகு மூன்று அழைப்புகள், ஒன்றுக்கும் பதில் இல்லை. படக்காரர் தன் கேமராவை எடுத்து நேரத்தைப் பார்த்தார். அதன் கடிகாரத்தை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூடத்தின் கடிகாரத்தோடு சரிசெய்து வைப்பவர். 11:43.

"பதினொன்றரைக்கே வந்திருக்கணும் நீ" என்றார் மெதுவாக. "பதினொன்னு நாப்பத்து மூணுக்கு அங்க என்ன பண்ணிட்டிருந்தே?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "திட்ட மாட்டீங்களே அத்தான்?"

"சொல்லு."

"நான் வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு காலிக் கட்டடத்துல லிஃப்ட் டெஸ்ட் பண்ணப் போனேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. அப்பல்லாம் கைபேசி ஏது? நாலு மணி நேரம். கதவைத் திறந்தா எதிர்ல வெறும் சிமெண்ட் சுவரு. இந்த உசரத்துல" என்று நெற்றிக்கு மேல் கையை வைத்தான், "மேல் மாடிக் கதவிடுக்குல ஒரு கோடு வெளிச்சம். மஞ்சளா. யாராவது நடந்தா அந்தக் கோடு ஒரு செகண்ட் மறையும். அப்பக் கத்தணும். நான் அதையே பாத்துட்டு நின்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ள போனது, யாரு வருவா?" ஓவியத்தைக் காட்டுவதுபோல் துண்டுப் பிரிண்டைக் காட்டினான். "அங்க போய் நின்னா, அதே சுவரு. அதே கோடு. அக்கா சொன்னது, ஜிப்பு, எல்லாம் மறந்துபோச்சு. யாராவது நடக்கறாங்களான்னு பாத்துட்டே நின்னேன்."

"கை?"

"எந்தக் கை?"

"வலது கையைத் தூக்கி விரலை நீட்டினியே."

மைத்துனன் யோசித்தான். பிறகு வெட்கத்தோடு சிரித்தான். "கதவு திறக்கிற பட்டன் அத்தான். இடுப்புக்கு மேல வலது பக்கம்தான் இருக்கும். அமுக்கப் போயிருக்கேன்போல."

மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மணி நேரமாடா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா அந்த வேலைக்கே விட்டிருக்க மாட்டியே."

படக்காரர் எழுந்து துண்டுப் பிரிண்டைச் சுருட்டினார். பிறகு பாதியிலேயே மறுபடி விரித்து, தோளிலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை நிர்வாகியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சட்டை, மைத்துனன், ஜிப், லிஃப்ட் ஒன்றையும் விடவில்லை. கைபேசியின் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார். நிர்வாகி அதை இரண்டு முறை படித்தார். பட்டன் விஷயம் வந்தபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"கதவு திறக்கிற பட்டனா?"

"ஆமாம் மேடம்."

"ஓவியர்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இல்ல, சொல்லணும். அவர் இருபது வருஷமா அந்தக் கோடு என்னன்னு கேக்கறவங்ககிட்டல்லாம் தெரியலன்னுதான் சொல்லிட்டிருக்கார்" என்றார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஏற்பாடு பதினொன்றரையோட முடிஞ்சிருச்சு. படம் அதுக்கப்புறம். படம் இருக்கும். ஆனா அந்த வாக்கியத்தைத் திருத்தணும். என் பேரும் அதுல இருக்கு."

கையேடு ஏற்கெனவே அச்சாகியிருந்ததால் திருத்தத்தைச் சின்னச் சீட்டாக அச்சிட்டு, நானூறு பிரதியிலும் ஒட்டினார்கள். மனைவியும் மைத்துனனும் தையல் மேஜையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். அதை அவர்களுக்குத் தண்டனையாகப் படக்காரர் விதித்திருந்தார். சீட்டில் இப்படி இருந்தது: 'இப்படங்களில் எதுவும் ஏற்பாடு செய்யப்பட்டதல்ல. இருபதாவது படத்தில் உள்ளவர் முதல் இரண்டு நிமிடங்கள் மட்டும் சொன்னதன் பேரில் நின்றார். படம் பதினைந்தாவது நிமிடத்தில் எடுக்கப்பட்டது. சட்டை, படக்காரருடையது.'

கடைசி வாக்கியம் எதற்கு என்று மனைவி கேட்டார். உண்மைக்கு என்றார் படக்காரர்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். இருபது விளக்கும் இருபது படத்தின்மேல் விழுந்தன. பார்வையாளர்கள் முதுகுகளின் படங்களுக்கு முன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். படக்காரர் பழக்கதோஷத்தில் அறையின் கோடிக்குப் போய் அவர்களை எடைபோட்டார். விவரச் சீட்டு முதுகு. கழிவறை முதுகு. மைத்துனன் புதுச் சட்டையில், தன் முதுகுக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்று, வருகிறவர்களிடம் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். காவல்காரம்மா கடமை தவறாமல் அவனை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்.

பிறகு கூட்டம் விலகியது. கடைசிச் சுவரின் முன் ஒரு முதுகு மட்டும் நின்றது. அது யாருடையது என்று இந்த முறை அவருக்குத் தெரிந்தது.

மனைவி அசையவில்லை. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. கைப்பையின் பிடி தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்திருந்தது, கவனிக்கவில்லை. ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். முப்பது வருஷத்தில் தன் படம் ஒன்றின் முன் அவர் இப்படி நின்றதில்லை. படக்காரர் கேமராவை உயர்த்தி ஒரே ஒரு படம் எடுத்தார்.

பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, ஓடாமல் முன்னால் நடந்து போய் அந்த முதுகின் முகத்தைப் பார்த்தார்.

மனைவியின் கண்கள் படத்தில் சட்டைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்குக் கோட்டுப் பட்டை தொடங்கும் இடத்தில் ஆணியடித்தாற்போல் நின்றிருந்தன.

"இங்க பாத்தீங்களா?" என்றார் திரும்பாமலே. "ஒரே ஒரு தையல் இழுத்திருக்கு. இவ்வளவு பெருசாப் போட்டா எல்லாருக்கும் தெரியாதா? சட்டையை நாளைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க அவனை. பிரிச்சுத் தைக்கணும்."

"சட்டையைத் தைக்கலாம். படத்துல?"

மனைவி அதற்கும் யோசித்தார். பிறகு கையேட்டின் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல இன்னொரு வரி சேக்கச் சொல்லுங்க."